ஒரு நாள் முன்னதாகப் பிறந்தவர்கள்

எங்கள் மருத்துவமனையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. நிதானம் அக்கா என்பார்கள். பெரிய டாக்டர்களுக்கு வெறும் நிதானம். புதிதாகச் சேர்ந்த ஒரு டாக்டர் ஒருநாள் போனை எடுத்ததும் எதிர்முனையில் யாரோ "நிதானம் இருக்கா?" என்று கேட்க, "நான் எப்பவும் நிதானமாத்தான் இருக்கேன், யாருய்யா நீ?" என்று அவர் எகிறியதை எங்கள் கட்டடத்தில் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பெயர் வந்த கதையில் சிரிப்பு இல்லை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், காகிதக் கோப்புகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலைக்குத் தட்டச்சராக வந்தவர் அக்கா. தொண்ணூறாயிரம் நோயாளிகளில் பாதிக்கு மேல் அவர் விரல் வழியாகத்தான் உள்ளே போனார்கள். டேட்டாபேஸ் பற்றி வகுப்பில் உட்கார்ந்து படித்ததில்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த, முதல் இரண்டு அத்தியாயங்கள் கிழிந்துபோன ஒரு கையேட்டை மூன்றாம் அத்தியாயத்திலிருந்து படித்துக் கற்றுக்கொண்டார். "எனக்கு அடிப்படை இன்னும் தெரியாது, அது கிழிஞ்சு போச்சு" என்பார். கற்றுக்கொண்ட முதல் வருடத்தில், ஒரே ஒருவரை நீக்க வேண்டிய கட்டளையில் யாரை என்று குறிப்பிட மறந்து பொத்தானை அழுத்திவிட்டார். ஒரு வார்டு முழுக்க, முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், காணாமல் போனார்கள். கட்டிலில் இருந்தார்கள், சாப்பிட்டார்கள், இருமினார்கள். கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை. நான்கு நாள் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவரையும் திரும்பக் கொண்டுவந்தார். அதன் பிறகு எந்தக் கட்டளைக்கு முன்னாலும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்வார். "நிதானம், நிதானம்" என்று உதடு அசையும். பிறகுதான் விரல் நீளும்.

இரண்டாம் மாடியில், துவைத்த படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறைக்கு அடுத்தது எங்கள் அறை. மூன்று மேஜை, ஒரு சர்வர், அதைக் குளிரவைக்க ஓயாமல் முனகும் ஏசி. டாக்டர்களைப் பார்க்க நேரம் ஒதுக்கும் பட்டியல் என் மேஜை, டேட்டாபேஸ் அக்காவுடையது. அதாவது, யார் எப்போது பிறந்தார், என்ன ரத்தம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் நிரந்தரமாகத் தங்கியிருக்கும் இடம். மூன்றாவது மேஜையில் யாரும் இல்லை. அங்கே அக்காவின் சாப்பாட்டு டப்பா இருக்கும். வீட்டில் லிப்ட் மெக்கானிக் கணவர், பத்தாவது படிக்கும் மகள், காது மந்தமான மாமனார். அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, செல்போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பார்.

மூன்று வாரம் முன்னால்தான் கவுன்டரில் புதிய பதிவுப் புரோகிராம் வந்திருந்தது. பழைய நோயாளிகளின் விவரங்களையும் அன்றே அதன் வழியாக ஒரு தடவை ஓட்டியிருந்தார்கள். கவுன்டரில் தட்டும் விவரத்தைப் புரோகிராம் வாங்கி டேட்டாபேஸிடம் கொடுக்கும். டேட்டாபேஸ் அதை வைத்துப் பரிசோதனைப் படிவங்களை அச்சிடும். ஒன்று வாசல், இன்னொன்று உள்ளறை. இரண்டுக்கும் ஒத்துப்போகும் என்று விற்ற கம்பெனி எழுதியே கொடுத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஒரு பெண் எங்கள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். கழுத்தில் அளவெடுக்கும் நாடா தொங்கியது. கழற்ற மறந்து வந்திருந்தார்.

"இங்கதான் தேதி பாக்குறாங்களா?"

"உக்காருங்க" என்றார் அக்கா.

"உக்கார நேரமில்ல. என் உடம்புல ஓடுற ரத்தம் என்னோடது இல்லன்னு ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. அப்ப யாரோடது? பக்கத்து வீட்டுக்காரியோடதா?"

அவர் தையல்காரர். கீழே மூன்றாம் வார்டில் அவருடைய தம்பி படுத்திருந்தார். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, இப்போது அதற்கும் உடம்பு தாங்காத நிலை. தையல்காரரின் சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்தும் என்று முதல் கட்டச் சோதனைகள் சொல்லிவிட்டன. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. அதைச் செய்யும் குழு வெளியூரிலிருந்து அன்று ஒரு நாள்தான் வரும்; தவறினால் ஏழு வாரம் கழித்துத்தான். தம்பிக்கு ஏழு வாரம் இல்லை என்று டாக்டர் நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் பேசும்போது கண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாராம்.

பாக்கி ஒரே ஒரு சோதனை. அவருடைய ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாய் வேறு ஊரில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். குழாயின் லேபிளில் ஒரு பிறந்த தேதி, கூடவே போகும் படிவத்தில் ஒரு பிறந்த தேதி. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் திறக்காமலே கொட்டிவிடுவார்கள். ஆள் மாறிப் போகக் கூடாது என்பதற்கான விதி. கையால் திருத்திய லேபிளும் செல்லாது. முதல் தடவை லேபிளில் ஜூன் ஒன்பது, படிவத்தில் ஜூன் எட்டு. இரண்டாம் தடவை லேபிளில் ஜூன் எட்டு, படிவத்தில் ஜூன் ஏழு. புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் சரியான குழாய் போய்ச் சேராவிட்டால் வியாழக்கிழமை இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.

"நீங்க எப்பப் பொறந்தீங்க?" என்று அக்கா கேட்டார்.

"ஜூன் எட்டு. எங்கம்மா வலி எடுத்தவங்க, அவங்களுக்குத் தெரியாதா?" அடையாள அட்டையை மேஜையில் வைத்தார். எட்டுதான். "என் தம்பியோடது ஒரு தடவகூடத் திரும்பி வரல. அவனுக்கு எல்லாம் சரியா போகுது. கொடுக்குறவளுக்குத்தான் தடை. நான் மனசு மாறி ஏதோ தில்லுமுல்லு பண்றேன்னு அவன் பொண்டாட்டி நினைக்கிறா. வாயத் தொறந்து சொல்லல. பாத்தாத் தெரியுது."

கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்தது. உடனே நாடாவைக் கழுத்திலிருந்து உருவிக் கையில் சுற்றிக்கொண்டார்.

அக்கா புரோகிராம் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"உங்க கவுன்டர் ஆளுங்க தப்பா டைப் பண்றாங்க மேடம்" என்றது ஒரு சுறுசுறுப்பான இளங்குரல். "எங்க சைடு பக்கா."

"ரெண்டு தடவையும் லேபிளவிடப் படிவம் கரெக்டா ஒரு நாள் குறையுது தம்பி. தப்பா டைப் பண்றவங்க இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ணுவாங்களா?"

"கம்ப்ளைன்ட் டிக்கெட் போடுங்க மேடம். ரெண்டு வாரத்துல பாத்துடுவோம்."

அக்கா நன்றி சொல்லி வைத்தார். தையல்காரரைத் தம்பியிடம் போய் உட்காரச் சொன்னார். பிறகு கணினியைத் தொடவே இல்லை. தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிக் கீழே கவுன்டருக்குப் போனார். ஒரு காகிதம் கேட்கப் பின்னாலேயே போன நானும் அங்கேயே நின்றுவிட்டேன்.

கவுன்டரில் இருந்தவருக்குச் சட்டுப்புட்டு என்று பெயர். ஒரு நோயாளியை நாற்பது விநாடியில் பதிந்துவிடுவார். வரிசையில் நிற்பவர்களுக்கு அவர் கடவுள் மாதிரி. நிதானமும் சட்டுப்புட்டும் ஒரே கட்டடத்தில் வேலை செய்வதே அதிசயம். ஒரே கவுன்டரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"என்னக்கா, வேவு பாக்க வந்தீங்களா?"

"உன் வேகத்தப் பாத்துப் பொறாமைப்பட வந்தேன். நீ பாட்டுக்குச் செய்."

ஒரு மணி நேரம் அக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தார். அட்டையில் இருக்கும் தேதியைப் பார்ப்பார், சட்டுப்புட்டின் விரலைப் பார்ப்பார், அவ்வளவுதான். பதினோராவது ஆளோ பன்னிரண்டாவது ஆளோ, பேருந்து நடத்துநர் உடுப்பில் ஒருவர் வந்தார். அட்டையில் பிப்ரவரி பத்து. சட்டுப்புட்டு பதினொன்று என்று தட்டினார். அடுத்து வந்த கல்லூரிப் பெண்ணுக்கு அட்டையில் இருந்ததையே தட்டினார். இன்னும் சில பேர் கழித்து ஒரு அம்மாளுக்கு மறுபடி ஒன்று கூட்டினார்.

அக்கா அவர் கை மீது கையை வைத்தார். "ஏன்?"

சட்டுப்புட்டுக்கு முகம் வெளிறியது. "சில பேருக்கு ஒண்ணு கூட்டித்தான்க்கா போடணும். இல்லன்னா படிவத்துல ஒண்ணு கொறஞ்சு வருது. நம்ம லேப் படிவத்த மட்டும்தான் பாக்கும். கூட்டிப் போட்டா படிவம் அட்டையோட ஒத்துப்போயிடும், சண்ட இல்ல. வரிசையப் பாருங்க, வாசல் வரைக்கும் நிக்குது. ஒவ்வொண்ணுக்கும் மாடி ஏறி உங்ககிட்ட வர முடியுமா?"

"எல்லாருக்கும் இல்ல. சில பேருக்கு. யாருக்குன்னு எப்படித் தெரியும்?"

"பாத்தாலே தெரிஞ்சிடும்."

"பாத்தாலே?"

"ஆமாக்கா. லேசா நரைச்சிருக்கும். ஆனா கிழம் இல்ல. அட்டைய எடுத்துக் குடுக்கும்போது தூரமா பிடிச்சுப் பாத்துட்டுக் குடுப்பாங்க. நாப்பது, நாப்பத்தஞ்சு. தப்பா எடுத்துக்காதீங்க, நீங்களும் அந்த செட்டுதான்."

வரிசையில் முதலாவதாக நின்றிருந்தவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. நெற்றிக் கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. சட்டுப்புட்டை அவர் பார்த்த பார்வையில் கோபம் துளியும் இல்லை, மலைப்பு இருந்தது. கம்பெனிக்காரர்களும் நாங்களும் மூன்று வாரமாகக் கண்டுபிடிக்காததை, ஒரு மனிதர் நரையையும் கை நீளத்தையும் வைத்துக் கண்டுபிடித்து, அது கண்டுபிடிப்பு என்றே தெரியாமல் தினமும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்.

மாடி ஏறும்போது, படியின் திருப்பத்தில் அக்கா நின்றார். "யாருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. ஏன்னுதான் தெரியல."

அறைக்கு வந்ததும் பழைய டேட்டாபேஸின் நகலைத் திறந்தார். புது புரோகிராம் வருவதற்கு முந்தைய நாள் எடுத்து வைத்தது. அதில் இருந்த பிறந்த தேதிகளையும் இப்போது இருக்கும் பிறந்த தேதிகளையும் ஆளுக்கு ஆள் ஒப்பிடச் சொன்னார். கைகள் மடிக்குப் போயின. நிதானம், நிதானம். நான்காயிரத்து நூற்றுப் பதினேழு பேருக்கு ஒரு நாள் குறைந்திருந்தது. பிறகு அந்தப் பெயர்களைப் பிறந்த வரிசைப்படி நிற்கவைத்தார்.

அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். திரையில் மேலிருந்து கீழாக மனிதர்கள் பிறந்துகொண்டே வந்தார்கள். ஒரு மார்ச் மாதம் பதினேழாம் தேதி வரை பிறந்த ஒருவருக்கும் தவறு இல்லை. பதினெட்டாம் தேதி பிறந்தவர்களில் தொடங்கி ஒருவர் பாக்கியில்லாமல் தவறு. பணக்காரர், ஏழை, ஆண், பெண், இந்த ஊர், பக்கத்து ஊர் என்ற பேதமே இல்லை. ஆறரை வருடம் அப்படியே போய், ஒரு செப்டம்பர் முப்பதோடு நின்றது. அக்டோபர் ஒன்றாம் தேதி பிறந்த குழந்தைக்கு எல்லாம் சரி. துணியைக் கத்தரித்ததுபோல இரண்டு பக்கமும் நேர்க்கோடு. கத்தரித்தது யார் என்று மட்டும் தெரியவில்லை. தையல்காரர் கோட்டுக்கு உள்ளே இருந்தார். அவரைவிட ஐந்து வயது இளையவரான தம்பி வெளியே. இன்னும் கீழே வந்தபோது அக்காவின் விரல் திரையில் ஓரிடத்தில் நின்றது. அவருடைய பெயர். அவரும் ஒரு நாள் முன்னதாகப் பிறந்திருந்தார்.

"பாத்தியா, சட்டுப்புட்டு சொன்னது சரி" என்றார் மெதுவாக.

படிவத்தில் தேதி மட்டும்தான் தெரியும். டேட்டாபேஸின் அடியில் என்ன கிடக்கிறது என்று அக்கா தோண்டினார். தேதியோடு ஒரு மணியும் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு எல்லாம் நள்ளிரவு பன்னிரண்டு. இந்த நான்காயிரம் பேருக்கு மட்டும், முந்தின நாள் இரவு பதினொன்றரை.

"பொறந்தநாளுக்கு மணி எதுக்கு?" என்றார். "யார் கேட்டா? பன்னெண்டு மணிக்குப் பொறந்தான்னு இவங்களா எழுதிக்கிட்டாங்க. சரி, அரை மணி எங்கே போச்சு?"

அப்போது மதியம் ஒன்றரை. மாமனாருக்கு மாத்திரை நேரம். தினமும் அந்த நேரத்தில் அக்கா வீட்டுக்குப் போன் பண்ணுவார். காது மந்தம் என்பதால் எதிர்முனைக் குரல் எங்கள் அறைக்கே பொதுவாக ஒலிக்கும். அந்தப் பெரியவர் பஞ்சாலையில் முப்பது வருடம் சங்கு ஊதியவர். ஊரே அவர் சங்கைக் கேட்டுத்தான் எழுந்திருக்கும். அதில்தான் காதும் போனது.

"மாத்திர போட்டாச்சா மாமா?"

"போட்டாச்சு, போட்டாச்சு! உன் பொண்ணு என் ரேடியோவ எடுத்துட்டா, அத மொதல்ல கேளு!"

"கேக்குறேன். மாமா, நான் பொறக்குறதுக்கு முந்தி, ஒரு மார்ச் மாசம், பதினேழு பதினெட்டு வாக்குல, ஊருல என்ன நடந்துச்சு? கடிகாரத்துல ஏதாவது?"

கேட்கவில்லை போல என்று அக்கா மறுபடி கேட்க வாய் திறந்தார்.

"அரை மணி தள்ளி வெச்ச வருஷமா?" என்றார் பெரியவர். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. "அணையில தண்ணி இல்ல. கரண்ட் இல்ல. பகல் வெளிச்சத்துலயே வேலைய முடிங்கன்னு நாடு பூரா கடிகாரத்த அரை மணி முன்னாடி தள்ளச் சொன்னாங்க. மறுநாள் நான் புது நேரத்துக்கு ஊதினேன். ஊரே சிரிச்சுது, சங்குக்காரனுக்குப் பைத்தியம்னு. ஒரு வாரம் பாதிப் பேரு லேட்டு. அப்புறம் பழகிடுச்சு. ஆறு ஏழு வருஷம் கழிச்சு திரும்பப் பழைய நேரத்துக்கு வந்தோம். எதுக்கும்மா இப்ப?"

"ஒண்ணுமில்ல மாமா. ரேடியோவ வாங்கித் தர்றேன்."

அக்கா போனை வைத்தார்.

பிறகு எனக்கு விளக்கினார். எனக்கு என்பதைவிடத் தனக்குத்தானே. உலகத்தில் யாரோ சிலர் உட்கார்ந்து, எந்த ஊர் எந்தத் தேதியில் தன் கடிகாரத்தைத் திருப்பியது என்று ஒரு பெரிய பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்கள். புது புரோகிராமுக்குள் அந்தப் பட்டியல் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் மறந்துபோன அந்த ஆறரை வருடத்தை அது மறக்கவில்லை. தையல்காரரின் பிறந்தநாளை வாங்கியதும் அன்றைய கடிகாரத்தின்படி அந்த அரை மணியையும் சேர்த்துக் கழித்து, உலகப் பொது நேரமாக்கி டேட்டாபேஸிடம் கொடுக்கிறது. டேட்டாபேஸுக்கு அந்தப் பட்டியல் தெரியாது. இன்றைய கடிகாரம்தான் அதற்கு என்றைக்கும். அது திருப்பிக் கூட்டும்போது அந்த அரை மணியைக் கூட்டுவதில்லை. பன்னிரண்டு மணி பதினொன்றரை ஆகிறது, எட்டு ஏழாகிறது. லேபிள் அச்சிடுவது புரோகிராம். படிவம் அச்சிடுவது டேட்டாபேஸ்.

"ரெண்டும் பொய் சொல்லல" என்றார் அக்கா. "ஒண்ணுக்கு ஞாபகம் அதிகம், ஒண்ணுக்கு ஞாபகமே இல்ல. நடுவுல அந்தப் பொண்ணு மாட்டிக்கிட்டா."

எனக்குப் புல்லரித்தது. வறண்டுபோன ஏதோ ஓர் அணை, யாரோ ஒரு அதிகாரி போட்ட கையெழுத்து, ஒரு சங்குக்காரர் ஊதிய ஓசை. அது நாற்பத்தைந்து வருடம் காற்றிலேயே நின்றிருந்து, இப்போது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயின் லேபிளில் வந்து இறங்கியிருக்கிறது.

தகவல் சொன்னதும் நிர்வாக அதிகாரி உடனே மேலே வந்தார். நல்லவர், அவசரக்காரர். "அந்த ஒரு பொண்ணோட தேதிய மட்டும் டேட்டாபேஸ்ல மாத்திட்டு அனுப்பிடும்மா. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

அப்போது தையல்காரரும் வாசலில் வந்து நின்றார். கீழே வார்டில் இருப்புக்கொள்ளவில்லை போலும்.

அக்கா தயங்கினார். "மாத்தலாம் சார். நாளைக்குக் குழாய் போயிடும். ஆனா வியாழக்கிழமை மயக்க மருந்துச் சீட்டு வரும், ரத்தப் பை வரும், கைப்பட்டி வரும். இங்கேருந்து ஒண்ணு, அங்கேருந்து ஒண்ணு. யாராவது கவுன்டர்ல அவங்க விலாசத்தத் திருத்தினாலே போதும், தேதி பழையபடி ஏழாயிடும். தியேட்டருக்குள்ள வெச்சு இது வேற ஆள்னு ஒரு நர்ஸ் நிறுத்தினா?"

அதிகாரி தலையைச் சொறிந்தார். தையல்காரர்தான் பேசினார்.

"அளவே தப்பா எடுத்திருந்தா ஒட்டுப் போட்டு என்ன பண்றது? ஒரு எடத்துல இழுத்துப் பிடிச்சா இன்னொரு எடத்துல கிழியும். பிரிச்சுத் தைங்க."

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள முடியணும்மா" என்றார் அதிகாரி.

"கல்யாணப் பொண்ணு உக்காந்திருக்கும்போதே பிரிச்சுத் தைச்சிருக்கேன் சார்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். "பிரிச்சுத் தைக்கிறேன்" என்றார்.

பிரிப்பது எளிது: பிறந்த தேதியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மணியைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் தேதியாக வைப்பது. தேதி மட்டும் என்றால் புரோகிராமுக்குக் கழிக்க ஒன்றுமில்லை, டேட்டாபேஸுக்குக் கூட்டவும் ஒன்றுமில்லை. புரோகிராமிலும் அதற்கு ஒரு அமைப்பு இருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அக்கா தேடிப் பிடித்தார். நான்காயிரம் பேருக்கும் குறைந்த நாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மூன்று வாரமாகச் சட்டுப்புட்டு கூட்டிப்போட்ட புதிய ஆட்கள். அவர்களுக்கு டேட்டாபேஸில் இப்போது இருப்பது சரியான தேதி. அவர்களுக்கும் ஒரு நாளைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு நாள் பிந்திப் பிறந்தவர்களாகிவிடுவார்கள். பழைய நகலில் இல்லாததால், அவர்கள் யார், எத்தனை பேர் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

நான்கு மணிக்குச் சட்டுப்புட்டை வரச் சொன்னார். அவர் வாசலிலேயே நின்றார்.

"வேலை போயிடுமாக்கா?"

"உள்ள வா முதல்ல."

"பொய்த் தேதி போட்டேன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுவாங்களா? எனக்கு ரெண்டு பசங்க."

"நீ பொய் போடல. இந்தக் கட்டடத்துல முதல்ல கண்டுபிடிச்சவனே நீதான், சொல்லாம இருந்ததுதான் தப்பு. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. யார் யாருக்குக் கூட்டினன்னு நினைவிருக்கா?"

சட்டுப்புட்டு கீழே போய், ரப்பர் வளையம் போட்ட பதிவுச் சீட்டுக் கட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கூட்டிப்போட்ட ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் பென்சிலால் ஒரு சிறு புள்ளி.

"எதுக்கு வெச்சேன்னு தெரியலக்கா. அப்படியே விடக் கூடாதுன்னு தோணுச்சு."

அக்கா ஒரு புள்ளியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். அழுத்தவில்லை, அழிந்துவிடும் என்பதுபோல. அறுபத்தோரு சீட்டுகள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தார்கள். சட்டுப்புட்டு அன்று வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாக வாசித்தார். ஒரு பெயரை இரண்டு தடவை சொன்னபோது அக்கா, "நிதானம்னு எனக்குப் பேரு வெச்சவன் யாரு? இப்ப உனக்கு மாத்திடலாமா?" என்றார்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, கவுன்டர் திறப்பதற்கு முன், அக்கா எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். முதலில் ஒரு நகல் எடுத்தார். அந்த நகலின் மேல் கட்டளையை ஓட்டிப் பார்த்தார். தன் பெயரைத் தேடிப் பார்த்தார், தையல்காரரை, பேருந்து நடத்துநரை, இன்னும் முப்பது பேரைக் காகிதத்தோடு ஒப்பிட்டார். எல்லாம் சரி. அதற்குப் பிறகும் கைகள் மடியிலேயே இருந்தன. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு இருபது.

அப்புறம் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றார்.

"ஏன்க்கா எழுந்துட்டீங்க?"

"நாலாயிரம் பேர் ஒண்ணா வர்றாங்க. உக்காந்துக்கிட்டே இருக்கவா?"

நின்றபடியே அழுத்தினார்.

பத்து விநாடிகூட ஆகவில்லை. திரையில் ஓர் எண் வந்தது. அதில் சமையல்காரர்களும் ஆசிரியர்களும் கொத்தனார்களும் இருந்தார்கள், இறந்துபோனவர்களும் இருந்தார்கள். அவரவர் பிறந்த நாளுக்கு அவரவர் திரும்பி வந்திருந்தார்கள். அந்நேரம் அவர்களில் பலர் பல் துலக்கிக்கொண்டிருந்திருப்பார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு பெரிய கூட்டம் தெருவைக் கடந்த பிறகு வருமே ஓர் அமைதி, அதுபோல ஒன்று அந்த அறையில் இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் அதைக் கண்டதில்லை.

எட்டேகாலுக்குத் தையல்காரரின் கையிலிருந்து மூன்றாவது தடவையாக ரத்தம் எடுத்தார்கள். லேபிள் ஜூன் எட்டு. படிவம் ஜூன் எட்டு. சட்டுப்புட்டே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கு தடவை பார்த்துவிட்டு, வண்டிவரை தானே கொண்டுபோய்க் கொடுத்தார். பதினொன்று இருபதுக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒற்றைச் சொல் வந்தது: ஏற்கப்பட்டது. மாலையில் முடிவு வந்தது: பொருந்துகிறது.

வியாழக்கிழமை அக்கா வழக்கம்போல வேலை செய்தார். ஆனால் சாப்பாட்டு டப்பா திறக்கப்படவே இல்லை. அறுவை சிகிச்சைக் கூடத்தில் ஒவ்வொரு சீட்டும் கை மாறும்போது டேட்டாபேஸில் ஒரு வரி பதிவாகும். அக்கா அதைத் திறந்து வைத்திருந்தார். மயக்க மருந்து: பொருந்தியது. ரத்தப் பை ஒன்று: பொருந்தியது. ரத்தப் பை இரண்டு: பொருந்தியது. பிறகு நீண்ட நேரம் ஒரு வரியும் வரவில்லை. மூன்றே முக்காலுக்குக் கீழேயிருந்து போன் வந்தது. அக்கா எடுத்துக் கேட்டுவிட்டு, வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெச்ச நிமிஷமே சிறுநீர் வந்துதாம். அங்கேயே. டேபிள் மேலேயே. அவ்வளவு பேரும் கை தட்டினாங்களாம்."

இருபத்திரண்டு வருடத்தில் அக்கா வார்டுக்குள் போய் ஒரு நோயாளியைப் பார்த்ததில்லை. எண்களாக மட்டுமே அவர்களைத் தெரியும். சனிக்கிழமை மதியம், சாப்பிட்ட கையோடு, "வர்றியா?" என்றார்.

தையல்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் இருந்த தம்பியைச் சக்கர நாற்காலியில் அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். முகத்தில் புது நிறம் வந்திருந்தது. அவர் மனைவி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, தூங்குகிறவரின் பாதத்தை, எழுப்பிவிடாமல், உள்ளங்கையால் மூடியிருந்தார்.

"யாரு நீங்க?" என்று தம்பி கேட்டார்.

"மேல ஆபீஸ்ல இருக்கேன்" என்றார் அக்கா. "உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. ஆனா இனிமே எங்கக்காகூடச் சண்டையே போட முடியாது. போட்டா கிட்னியத் திருப்பிக் கேப்பா."

அவர் மனைவி சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது.

அக்கா கட்டிலின் பக்கவாட்டில் வந்து நின்றார். தையல்காரரின் இடது கை விரிப்பின் மேல் கிடந்தது. மணிக்கட்டில் கைப்பட்டி. அக்கா குனிந்தார், கண்ணாடியை இறக்க மறந்து, தலையைப் பின்னால் இழுத்து, தூரமாக வைத்துப் படித்தார். பெயர், எண், ஜூன் எட்டு. கீழே நாடித் துடிப்பில் அந்தப் பட்டி மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அது அசைவதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.